சாவுக்கு நடுவில் ஒரு டூயட்

நான் ஒரு நாவலில் காய்ச்சல் கண்டு சாகிறவன். பெயர் சென்னியப்பன். ஐம்பது வருடமாக ஒழுங்காகச் செத்துக்கொண்டிருந்தேன். யாரும் குறை சொன்னதில்லை. கல்லூரிப் பரீட்சையில் என் சாவுக்குப் பத்து மதிப்பெண்.

இப்போது அந்த நாவலைப் பாட்டுப் படமாக எடுத்துவிட்டார்கள். நான் சாகிற இடத்தில் ஒரு டூயட் வைத்துவிட்டார்கள். டூயட் முடியும்வரை யாரும் சாகக்கூடாது. எனவே கட்டிலை விட்டு எழுந்தேன்.

பின்சுவர் விலகியது. சோளக்காடு இருந்த இடத்தில் பனிமலை நின்றது. எனக்கு வெள்ளைக் கோட்டு வந்தது. என் நாடியைப் பார்த்து உதட்டைப் பிதுக்க வேண்டிய டாக்டர் மூன்றாவது வரிசையில் இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"நாடி பாக்கலீங்களா?"

"ஸ்டெப்பு தப்பீரும். சும்மா இருங்க."

என் மனைவி பாவாத்தாள் நாவல் முழுக்க ஒரு வார்த்தை பேச மாட்டாள். முந்தானையால் வாயைப் பொத்துவாள். அந்த மௌனத்தை ஆராய்ந்து நாலு பேர் டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். படத்தில் பல்லவியிலேயே வாயைத் திறந்துவிட்டாள். என்னை ரொம்பப் பிடிக்கும் என்று பாடினாள். வரி சுமார்தான். எதுகையும் இல்லை, மோனையும் இல்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஐம்பது வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். இதைச் சொல்ல ஒரு மியூசிக் டைரக்டர் வரவேண்டியிருக்கிறது, பாருங்கள்.

அனுபல்லவியில் விமர்சகர் கிருபாகரன் செருப்போடு உள்ளே வந்தார். பின்னால் கடப்பாரையுடன் இரண்டு ஆட்கள்.

"பாடல்கள் வேகத்தடை" என்றார்.

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். எங்கள் வாசலில் பாட்டு தார் மேடாகக் கிடந்தது. கறுப்பு வெள்ளைக் கோடுகூடப் போட்டிருந்தார்கள். கதை அதில் ஏற முடியாமல் நின்று ஹாரன் அடித்தது.

"நாவல்படி நீங்க இந்நேரம் செத்திருக்கணும்."

"தெரியுமுங்க."

"ரெண்டாம் பாதியே உங்க சாவை நம்பித்தான் இருக்கு."

"நாவலைப் படிச்சிருக்கீங்களா?"

"முன்னுரை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "நிறையும் சொல்வேன். ஒளிப்பதிவு குளிர்ச்சி" என்றார். பனி அவர் கணுக்காலைத் தாண்டியிருந்தது. "குறை, நீளம். கத்தரி போட்டிருக்கலாம்."

ஆட்கள் அனுபல்லவியைப் பெயர்த்தார்கள். என் இடது கை சில்லிட்டது. முதல் சரணத்தைப் பெயர்த்தார்கள். கால்கள் போயின. பல்லவியில் மட்டும் கடப்பாரை இறங்கவில்லை. அதில் தார் கெட்டி.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நாவலில் என் சாவு அருமையான சாவு. ஒரே வரி. இந்த டூயட் அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனால் அந்த வரியில் பாவாத்தாள் அடுப்படியில் இருக்கிறாள். இங்கே என் தோளை ஒட்டி நிற்கிறாள். எந்த மடையன் அங்கே திரும்பிப் போவான்?

பாட்டில் இனிக் கடைசி வரிதான் மிச்சம். அதைப் பாவாத்தாள் பாட வேண்டும். பாடினால் மலை போய்விடும், கட்டில் வந்துவிடும். டாக்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார்.

"பாடும்மா. கதை நகரட்டும்" என்றார் கிருபாகரன்.

"வரலீங்க."

"என்ன வரலை?"

"கடைசி வரி. மறந்துபோச்சுங்க."

அவளாவது மறப்பதாவது. எங்கள் கல்யாணத்துக்கு வராதவர்கள் பெயரை இன்றைக்கும் வரிசையாகச் சொல்வாள்.

"மறந்தா என்ன செய்யறது?"

"பல்லவிக்குத்தானுங்க திரும்பிப் போவோணும்?"

கிருபாகரன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். கடப்பாரை ஆட்களில் ஒருவர், "அதானுங்க முறை" என்றார். டாக்டர் பழைய வரிசைக்கு ஓடினார்.

பாவாத்தாள் எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்தாள்.

"எடுங்க."

"தொண்டை கட்டிருச்சு, புள்ள."

"நிறுத்திப் பாருங்க. நானே கொன்னு போட்டுருவனுங்க."

பல்லவியை எடுத்தேன்.