பொய் வலி

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவளுக்கு மனிதர்கள் மேல் மரியாதை நிலைப்பது கஷ்டம். ஊரில் மிடுக்காக நடமாடும் பேர்வழிகளுக்கெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் தொடை நடுங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் பார்ப்பவள் அவள். தன் காலடியில் இருந்த தனி பிரேக்கை மிதித்து மிதித்து, யாரையும் நம்பக் கூடாது என்பது உடம்பிலேயே ஊறிவிட்டது. கணவனைத்தான் எல்லாரையும் விடக் குறைவாக நம்பினாள்.

அவன் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தான். அவள் கர்ப்பம் உறுதியான நாளிலிருந்து செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பாதி டாக்டராகிவிட்டான். கடைசி மாதச் செக்கப்புக்கெல்லாம் கூடவே வருவான். டாக்டரம்மா அவளைக் கேட்டால் இவன் பதில் சொல்வான்.

"கால் வீக்கம் இருக்கா?"

"எங்களுக்கு லேசாத்தான் இருக்கு டாக்டர்."

"ராத்திரி தூக்கம்?"

"எங்களுக்குச் சுத்தமா இல்ல."

விடிய விடியக் குறட்டை விட்ட மனுஷன். அவள் பரிசோதனைக் கட்டிலில் படுத்தபடியே மின்விசிறியை வெறித்தாள். டாக்டரம்மா பிரஷர் பார்த்தார், வயிற்றை டேப்பால் அளந்தார், குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டார், தலை இறங்கிவிட்டது என்றார். பிறகு அவனை விட்டுவிட்டு நேராக அவளிடம் பேசினார்.

"வயிறு கல்லு மாதிரி இறுகும், அப்புறம் விடும். நடந்தா, படுத்தா அடங்கிடுச்சுன்னா அது பொய் வலி. என்ன பண்ணாலும் விடாம, வரவர நெருக்கமா, அதிகமா வந்தா நிஜ வலி. கிளம்பி வந்துடுங்க. தண்ணி உடைஞ்சாலோ, ரத்தம் போனாலோ, குழந்தை அசைவு குறைஞ்சாலோ வலி வரட்டும்னு காத்திருக்கவே கூடாது."

அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். அதன் பலனாக அந்த வாரத்திலேயே இரண்டு முறை அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினான். முதல் தடவை வெறும் வாயு. அடுத்த தடவை அவள் தும்மிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சார், வலி அவங்களுக்கு வரணும்" என்றாள். அவன் முகம் செத்துவிட்டது. அவளுக்கோ அந்த நர்ஸைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ஆகவே நிஜ வலி வந்த காலையில் அவன் அசையவில்லை. வலி இடுப்பில் கிளம்பி முன்வயிற்றுக்கு வந்து இறுக்கியது. நடந்து பார்த்தாள், ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தாள். அது பாட்டுக்கு வந்தது, போனது, முன்னைவிடச் சீக்கிரமாக மறுபடி வந்தது.

"கிளம்புங்க" என்றாள்.

"இது பொய் வலிம்மா. மறுபடியும் போய் அசிங்கப்படணுமா? நிஜ வலின்னா பேசவே முடியாதாம். நீ நல்லாப் பேசறியே. இரு, தண்ணி கொண்டு வரேன்."

இவனிடம் வாதாடுவதும் சுவரோடு பேசுவதும் ஒன்றுதான். அவனுக்குக் கார் ஓட்டவும் வராது. கல்யாணமான புதிதில் கற்றுக்கொடுக்கப் பார்த்து, தெருமுனை தாண்டுவதற்குள் கைகழுவிவிட்டாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். வரத் தாமதமாகும் என்றார்கள்.

அப்போது அழைப்பு மணி அடித்தது. காலை வகுப்புக்கு வந்த கணக்கு டீச்சர். கியர் மாற்றும்போது கண்ணை மூடிக்கொள்கிற, டெஸ்டில் திரும்பத் திரும்பக் கோட்டைவிட்ட பெண்மணி. அவரைப் பற்றி இவள் வைத்திருந்த அபிப்பிராயத்தை நாலு பேர் முன்னால் சொல்ல முடியாது.

"வலி வந்துடுச்சு டீச்சர். ஸ்டியரிங்ல உட்காருங்க."

"நானா மேடம்?"

அந்த நேரம் பார்த்து வாசலிலேயே தண்ணீர் உடைந்தது. தம்ளரோடு வந்த கணவன் தரையைப் பார்த்தான்.

"நான் சிந்தலையே" என்றான்.

அவன் குனிந்து பார்த்து, "பச்சையா இல்ல, தெளிவாத்தான் இருக்கு. அது நல்லதாம்" என்று முணுமுணுத்தான். அந்த மாதத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் உருப்படியான வார்த்தை.

அவள் வழக்கமான இடது இருக்கையில் உட்கார, அவன் பையோடு பின்னால் ஏறினான். கார் குலுங்கிக் குலுங்கிக் கிளம்பியது. வலிக்கும் வலிக்கும் நடுவே, "கிளட்ச்... மெதுவா விடுங்க... கண்ணைத் திறங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பின்னாலிருந்து, "இப்ப நாலு நிமிஷம், இப்ப மூணு" என்று குரல் வந்தது.

"இன்னொரு தடவை நேரம் சொன்னீங்க, இறக்கிவிட்டுட்டுப் போயிடுவேன்."

நாற்சந்தியில் வந்த வலி எல்லாவற்றையும் மிஞ்சியது. அவளையறியாமல் அவள் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. கார் நடுரோட்டில் நின்றது. பின்னால் ஹாரன்கள் அலறின.

"மேடம், காலை எடுங்க" என்றார் டீச்சர். "நான் பாத்துக்கறேன்."

எந்த மாணவரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. நம்பிக்கை வந்து எடுக்கவில்லை, வேறு வழியில்லாமல்தான் எடுத்தாள். இரண்டு கால்களையும் இருக்கைமேல் மடக்கிவைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் முன் சக்கரங்கள் பூச்செடிப் பாத்தியில் ஏறிய பிறகுதான் கார் நின்றது.

அதே நர்ஸ் பரிசோதித்துவிட்டு, "கர்ப்பப்பை வாய் முக்கால்வாசி திறந்துடுச்சு. ஏன் இவ்வளவு லேட்டு?" என்று கணவனைக் கடிந்துகொண்டாள். அவன் பையை மார்போடு அணைத்துக்கொண்டான்.

செக்கப்புக்குக் காத்திருந்த நாட்களில் உள்ளே கத்துகிற பெண்களைக் கேட்டு, என்ன ஆர்ப்பாட்டம் என்று முகம் சுளித்தவள் அவள். இப்போது அவர்கள் எல்லாரையும்விட உரக்கக் கத்தினாள். அவனைக் கூப்பிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் வேண்டும் போலிருந்ததே, அதுதான் வலியைவிட எரிச்சலாக இருந்தது. மதியத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது. அவன் அவள் தலையணை உறையில் கண்ணைத் துடைத்தான். மூக்கையும் துடைத்தான்.

சாயங்காலம் அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மெல்ல அறை வாசலுக்கு வந்து பார்த்தால், டீச்சர் இன்னும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

"வண்டியை எடுக்கச் சொல்லி வாட்ச்மேன் கத்தறார் மேடம். ரிவர்ஸ்லதானே நான் எப்பவும் ஃபெயிலாகறது."

"நான் வேணா பாக்கட்டுமா?" என்றான் கணவன்.

இருவரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். அவன் உட்கார்ந்துவிட்டான்.

அவள் குழந்தையை மறுபக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "இப்படி வாங்க டீச்சர். முதல்ல கிளட்சை முழுசா மிதிக்கணும். சொல்லுங்க, அடுத்து என்ன செய்வீங்க?"