முத்திரை வைத்த கை

ஆகோதாவின் வலது கையைத் துணியால் சுற்றி, முடிச்சின் மேல் மெழுகு ஊற்றி, வாராத் ஊர்க் கோயில் குருமார் முத்திரை குத்திவிட்டார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பை அந்தக் கையில்தான் அவள் ஏந்தி நடந்தாள். மூன்றாம் நாள் அவிழ்த்துப் பார்ப்பார்கள். உள்ளங்கை ஆறியிருந்தால் அவள் புருஷன் போடோ குதிரைத் திருடன் இல்லை. சீழ் பிடித்திருந்தால் அவனுக்குத் தூக்கு. பிள்ளைகள் இரண்டும் அடிமைகளாகப் போகும்.

இரும்பை அவன்தான் ஏந்தியிருக்க வேண்டும். அவன் ஓட்டும் உப்பு வண்டியிலிருந்து உப்புப் பாளம் சரிந்து விழுந்து அவன் வலக்கை நசுங்கிப்போயிருந்தது. அதனால் பெண்டாட்டி ஏந்தலாம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

கோயிலுக்குள் லாஸ்லோ ராஜாவின் கல்லறை. உயிரோடு இருந்தபோது கோழி திருடினவனுக்கே கண்ணைப் பிடுங்கச் சொன்ன ராஜா. செத்துப் புனிதரான பிறகு, எவன் திருடன் என்று கண்டுபிடிக்கும் வேலையும் அவர் தலையில் விழுந்துவிட்டது. அந்தக் கல்லைத் தொட்டு ஆகோதா சத்தியம் செய்திருந்தாள், குதிரை போன ராத்திரி புருஷன் தன் பக்கத்தில்தான் படுத்திருந்தான் என்று. அவன் படுத்ததைப் பார்த்தாள், நிஜம். அப்புறம் அவளே அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிட்டாள். அதை யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

வழக்குக்கு வந்தவர்கள் தங்கும் கொட்டகையில், குதிரையைப் பறிகொடுத்த சொம்போர் அவளுக்கு எதிரிலேயே வைக்கோலைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். மெழுகின் மேலிருந்து கண்ணை எடுப்பதில்லை.

"ஏன்யா, பார்த்தே உருக்கிடுவ போலிருக்கே" என்றாள் ஆகோதா.

"உருகினா உனக்குத்தானே தாயி வசதி? உள்ள களிம்பு தடவிக்கலாம்."

முத்திரை கலைந்தால் வழக்கே போச்சு. அதனால் குளிரில் நடுங்கினாலும் அவள் அடுப்புப் பக்கம் போகவில்லை. சொம்போர் எழுந்தால் அவளும் எழுந்தாள். தான் தூங்கும்போது வந்து மெழுகைக் கீறிவிடுவானோ என்று கையை வயிற்றுக்கடியில் வைத்துப் படுத்தாள்.

இரண்டாம் நாள் உள்ளங்கை அரிக்க ஆரம்பித்தது. புண் ஆறினாலும் அரிக்கும், அழுகினாலும் அரிக்கும். எதுவென்று அவளுக்குப் பிடிபடவில்லை. போடோ தினைக்கஞ்சி கொண்டுவந்து ஊட்டிவிட்டான். ஊட்டும்போதே, வலிக்கிறதா, எரிகிறதா, நாற்றம் ஏதும் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தான். காலையிலும் இதையேதான் கேட்டான். திருடாதவனுக்கு எதற்கு இத்தனை கேள்வி?

சொம்போர் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்துக் குரலைத் தணித்தாள். "நான் தூங்கினப்புறம் எந்திரிச்சுப் போனியா?"

அவன் கரண்டியைக் கிண்ணத்தில் போட்டான். "நீயுமா?"

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மறுநாள் காலையில் அவனைக் காணோம். வழக்கைக் கூட இருந்து நடத்தும் நீதிமன்ற ஆள் உக்ரின், ஓடிப்போனவன் திருடன்தான், இனி கையை அவிழ்ப்பது வெட்டி வேலை என்றார். சொம்போர் தலையாட்டினான்.

ஆகோதா நகரவில்லை. "இரும்பைத் தூக்கினது நான், ஐயா. ஓடினது அவன். என் கையை அவுருங்க. பிள்ளைங்க எனக்கும் பிள்ளைங்க."

குரு முத்திரையைச் சரிபார்த்து, உடைத்து, துணியைப் பிரித்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கடைசிச் சுற்று விலகியதும் திறந்தாள். வெளுத்துச் சுருங்கிய தோல், நடுவில் சிவப்பாய் ஒரு கோடு. சீழ் இல்லை. ராஜா தீர்ப்புச் சொல்லிவிட்டார் என்று குரு அறிவித்தார். இரும்பைச் சரியாகக் காய்ச்சினீர்களா என்று கேட்கச் சொம்போர் வாயைத் திறந்தான். அவள் கையில் அது சீறியதைத் தானும் கேட்டது நினைவு வந்து மூடிக்கொண்டான். பிறகு அவளிடம் திரும்பினான்.

"சரி தாயி, திருடலைன்னே வெச்சுக்குவோம். எதுக்கு ஓடினான்?"



மத்தியானம், ஓடத்துறையில் பிடிபட்ட போடோவை இழுத்து வந்தார்கள். வழக்கில் ஜெயித்துவிட்டாய் என்று உக்ரின் சொன்னபோது அவன் நம்பவில்லை.

"நீ என்னைச் சந்தேகப்பட்டியே, இரும்பைத் தூக்கும்போதே பட்டிருப்ப" என்றான் அவளிடம். "மனசுல சந்தேகத்த வெச்சுக்கிட்டுத் தூக்கினவ கைய இரும்பு சுடாம விடுமா? வெந்திருக்கும்னு நெனச்சேன். அதான் ஓடினேன்."

அவள் கையை நீட்டினாள். அவன் அதைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எப்படிச் சுடாமப் போச்சு?" என்றான்.

அந்தக் கேள்வியில் என்ன இருந்தது என்று அவளால் பிரித்தெடுக்க முடியவில்லை. அவள் சந்தேகப்பட்டதால் கேட்கிறானா, இல்லை அவனே திருடியதால் கேட்கிறானா? கல்லறைக்குள் கிடக்கும் ராஜாவைத் தவிர அதை யாரிடம் கேட்பது? அவரோ சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டார்.

ஆகோதா கையை உருவிக்கொண்டாள். பிள்ளைகள் காத்திருக்கும், வண்டியைப் பூட்டு என்றாள். ஊர் போய்ச் சேரும்வரை அவள் உப்புப் பாளங்கள் பக்கம் உட்கார்ந்து, முன்னால் ஓட்டிக்கொண்டு போகிறவனின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள்.