ஊக்குப் போட்ட செருப்பு

பேருந்துப் பணிமனையில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. முகத்துக்கு நேரே "சார்", முதுகுக்குப் பின்னால் "பென்சில்காரர்". விபத்து நடந்தால் சாட்சிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்து, வாக்குமூலம் எழுதிக் கையெழுத்து வாங்குவது அவர் வேலை. இரண்டு பேர் ஒரே விஷயத்தை ஒரே வார்த்தைகளில் சொல்லியிருந்தால், அந்த வரியைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு ஓரத்தில் "ஒத்திகை" என்று எழுதிவிடுவார். வட்டம் விழுந்தால் ஓட்டுநரின் கதை முடிந்தது. பத்தொன்பது வருடமாக அந்த வட்டத்தை ஒருவரும் அழித்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன கொஞ்சம், நிறையவே உண்டு.

இப்படி யாரையும் நம்பாத மனுஷர் பைபிளை மட்டும் அட்டை முதல் அட்டை வரை நம்பினார். அவருடைய மைத்துனருக்கு இது தீராத ஆச்சரியம். மைத்துனர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்காரும்போது வந்து சேர்ந்து, சாப்பாட்டோடு அத்தானின் வாயையும் கிண்டுவார்.

"அத்தான், பக்கத்து சீட்டுக்காரன் சொல்றதையே நம்ப மாட்டீங்க. எப்பவோ யாரோ எழுதி வச்சதை மட்டும் எப்படி நம்புறீங்க?"

"அதையும் விசாரணைக்காரனாத்தான் நம்புறேன், மாப்ளே. ஆண்டவரோட கல்லறைக்குப் போன பொம்பளைங்க எத்தனை பேருன்னு, அவரைப் பத்தி எழுதின நாலு பேரும் நாலு விதமா சொல்றாங்க. அங்க இருந்தது ஒரு தூதனா, ரெண்டு தூதனா, அதுவும் ஒத்து வரல. பொய்யா இருந்தா உட்கார்ந்து பேசிச் சரி பண்ணியிருப்பாங்க. பண்ணாம விட்டிருக்காங்க பாரு, அதுதான் எனக்கு ஆதாரம்."

"எங்க கிளாஸ்லயும் ஒரே கணக்குக்கு நாலு பேரு நாலு விடை எழுதுறான். எல்லாத்துக்கும் மார்க் போட்டுடட்டுமா?"

"சிரி, சிரி. இன்னொண்ணு கேளு. சீஷருங்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவரு, ஆண்டவரைப் பிடிச்சுட்டுப் போன ராத்திரி, சேவல் கூவுறதுக்குள்ள, ஒரு வேலைக்காரப் பொண்ணுக்குப் பயந்து, அந்த ஆளையே எனக்குத் தெரியாதுன்னுட்டாரு. இதை எழுதினது எதிரி இல்ல, அவரோட ஆளுங்களே. எந்த ஆபீஸ்லயாவது தன் வண்டவாளத்தைத் தானே ஃபைல்ல ஏத்தினவனைப் பார்த்திருக்கியா?"

"நீங்க எத்தனை ஏத்தியிருக்கீங்க, அத்தான்?"

"தப்புப் பண்ணினாத்தானே ஏத்துறதுக்கு?"

"ஆமா ஆமா," என்றாள் பரிமாறிக்கொண்டிருந்த மனைவி. "போன வாரம் அடுப்பை அணைக்காம போனது எதிர் வீட்டுக்காரர்."

எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு தையல்கார அம்மா அவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நான் பொய் சாட்சி சொன்னேன்னு எழுதியிருக்கீங்களாமே? அந்த டிரைவருக்கு என்னால வேலை போச்சாமே?"

இரண்டு மாதத்துக்கு முந்தைய வழக்கு அது. நிறுத்தத்தில் ஒரு பெரியவர் இறங்கும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இறங்குவதற்குள் வண்டியை எடுத்துவிட்டார் என்று ஓட்டுநர்மீது புகார். வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது என்று சாட்சி சொன்னவர்கள் இரண்டே பேர்: இந்த அம்மாவும் ஒரு தபால்காரரும். இரண்டு வாக்குமூலத்திலும் "வண்டி முழுவதுமாக நின்ற பிறகே பெரியவர் படியில் கால் வைத்தார்" என்று ஒரே வரி, எழுத்துப் பிசகாமல். ஓட்டுநர் சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்திருக்கிறார் என்று பென்சில்காரர் வட்டம் போட்டார். ஓட்டுநரை வேலையை விட்டு நீக்கினார்கள். வியாழக்கிழமை மேல்முறையீடு, புதிதாக ஏதாவது தெரியவந்தால் ஒழிய அதில் ஒன்றும் மாறப்போவதில்லை.

"நீங்க சொன்னதைத்தாம்மா எழுதினோம்," என்றார்.

"நான் அப்படியா சொன்னேன்? அவரு செருப்பு வாரு அறுந்து ஊக்குப் போட்டிருந்தாரு. என் கண்ணு ஊக்கைத்தானே பார்க்கும், நான் தையல்காரி. படியில கால் வைக்கிறப்ப ஊக்கு பிரிஞ்சு செருப்பு வழுக்கிச்சு, வண்டி ஆடாம நின்னுச்சுன்னு சொன்னேன். 'ஊக்கு கதையெல்லாம் வேண்டாம்மா, வண்டி நின்னுச்சா இல்லையா'ன்னு கேட்டது நீங்கதானே?"

"எனக்கு ஞாபகம் இல்லைம்மா."

சொல்லி வாயை மூடிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஞாபகம் நன்றாகவே இருந்தது. ஊக்கு என்ற சொல் காதில் விழுந்ததுமே அன்றைய மத்தியானம், மின்விசிறி நின்றுபோன வெக்கை, அந்த அம்மா விரலால் செருப்பு வாரைக் காட்டியது, எல்லாம் வந்துவிட்டது. பார்க்கிறேன் என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தார்.

இழுப்பறையிலிருந்து பழைய குறிப்பேட்டை எடுத்தார். சாட்சி பேசப் பேசக் கிறுக்கிவைத்துக்கொண்டு, பிறகு நல்ல தாளில் எழுதுவது வழக்கம். தையல்காரிக்கு நேரே "செருப்பு, ஊக்கு, வண்டி ஆடவில்லை" என்று இருந்தது. தபால்காரருக்கு நேரே "பையைக் கை மாற்றினார், நடத்துநர் ஜன்னலுக்கு வெளியே பேச்சு, வண்டி நின்றது" என்று இருந்தது. வேறு வேறு கண்கள், வேறு வேறு பார்வை. இரண்டையும் சுத்தப்படுத்தி ஒரே வரியாக எழுதியது அவர் கை. மறுநாள் தன் வரியையே இரண்டு முறை பார்த்து, ஒத்திகை என்று வட்டம் போட்டதும் அதே கைதான்.

குறிப்பேட்டுத் தாளைக் கிழித்துப் போட்டால் கேட்க நாதியில்லை. தையல்காரியின் பேச்சு அம்பலம் ஏறாது என்று அவருக்குத் தெரியும். கிழிக்கலாமா என்று நினைத்தார். ஒரு முறை அல்ல, மத்தியானம் வரை நினைத்தார். பைபிளில் அந்த நாலு பேர் எழுதியதையும் இப்படி ஒருவர் உட்கார்ந்து சுத்தப்படுத்தியிருந்தால், தானே முதல் ஆளாகச் சிவப்பு வட்டம் போட்டிருப்போம் என்று தோன்றியது. பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதி, குறிப்பேட்டை அதனுடன் சேர்த்துக் கட்டினார்.

மேலாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"டிரைவர் திரும்பி வரணும், அவ்வளவுதானே? நகலெடுத்ததுல குளறுபடின்னு ஒரு வரி போட்டுடுவோம். உங்க பேரு எதுக்கு?"

"நகலெடுக்கல சார். நானே எழுதி, நானே சந்தேகப்பட்டேன்."

"யோசிச்சுப் பாருங்க. இதைப் பார்த்தா நீங்க இதுவரைக்கும் முடிச்ச ஃபைல் அத்தனையும் தோண்டுவாங்க."

"தோண்டட்டும் சார். இன்னும் எத்தனை இருக்கோ, எனக்கே தெரியல."

மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளை மேல்முறையீட்டு ஃபைலில் வைத்தார்.

வியாழக்கிழமை ஓட்டுநருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. உத்தரவின் கடைசிப் பத்தியில், விசாரணையாளர் தனக்கு எதிராகத் தானே எழுதியிருப்பதால் இதை உண்மை என்று ஏற்பதில் தடையில்லை என்று இருந்தது. பென்சில்காரர் அந்த வரியை மூன்று தரம் படித்தார். அடுத்த தாளில் அவருக்கு இடமாற்ற உத்தரவு. பேருந்துகளில் ஜனங்கள் மறந்துவிட்டுப் போகும் பொருட்களை வாங்கி வைக்கும் அறைக்குப் போகச் சொல்லியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் வந்தார். அக்கா முன்னமே விஷயத்தைச் சொல்லியிருந்ததால் வாயைக் கிண்டவில்லை. பேச்சை எடுத்தது அத்தான்தான்.

"இவ்வளவு நாளா அந்த சீஷரு ஆண்டவரைத் தெரியாதுன்னு சொன்னதை நான் ஒரு ஆதாரமாத்தான் வச்சிருந்தேன், மாப்ளே. சேவல் கூவினதும் அவரு ஏன் வெளிய போய் அழுதாருன்னு யோசிச்சதே இல்ல."

"இப்ப?"

"இப்ப யோசிக்க வேண்டியதில்ல."

வாத்தியார் தண்ணீர்ச் செம்பை அத்தான் பக்கம் நகர்த்தி வைத்தார்.

புதிய அறையில் மூன்று அலமாரி நிறையக் குடைகள். இரண்டாவது வாரம் ஒரு மத்தியானம் அந்த ஓட்டுநரே ஒரு குடையோடு வந்து நின்றார். வணக்கம் சொல்லவில்லை. இரண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தவர். சொல்ல வேண்டும் என்று பென்சில்காரர் எதிர்பார்க்கவும் இல்லை.

"கடைசி சீட்டுக்கு அடியில கிடந்துச்சு. ஒரு பக்கம் கம்பி வளைஞ்சிருக்கு," என்றார் ஓட்டுநர்.

பென்சில்காரர் பதிவேட்டில் எழுதினார். எழுதி முடித்ததும் வழக்கம்போலக் கையெழுத்துக்கு நீட்டப்போனவர், கையை இழுத்துக்கொண்டார்.

"என் மேல கோபம் இருக்கும். இருக்கட்டும். நீங்க சொன்ன மாதிரியே எழுதியிருக்கேனான்னு ஒரு தடவை படிச்சுப் பாருங்க."

"ஒரு குடைக்கா?"

"குடைக்குத்தான்."

ஓட்டுநர் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, வரிக்கு வரி விரல் வைத்து நிதானமாகப் படித்தார். பாதியில் விரல் நின்றது.

"கருப்புன்னு போட்டிருக்கீங்க. நான் கலரே சொல்லல. இது கருநீலம்."

பென்சில்காரர் குடையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கருநீலம்தான். கருப்பை அடித்துவிட்டுக் கருநீலம் என்று எழுதி, அடித்த இடத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். அதன் பிறகுதான் ஓட்டுநர் பேனாவை வாங்கினார்.