பாலல்லாத வெள்ளை

எங்கள் வீட்டில் எனக்கு மாட்டு டாக்டர் என்று பெயர். கால்நடை மருத்துவர் என்று சொல்லுங்கள் என்று பதினாறு வருஷமாகக் கத்துகிறேன், ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆரம்பித்து வைத்தவன் என் தம்பி. அவன் மனைவி மட்டும் வந்த நாளிலிருந்து "அக்கா" என்றுதான் கூப்பிடுகிறாள். அதனாலேயே தம்பியைவிட அவளை எனக்கு ஒரு படி கூடுதலாகப் பிடிக்கும். இதை அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.

அவள் நில அளவையர். வெயிலில் நின்று அடுத்தவர் நிலத்தை அங்குலம் பிசகாமல் அளப்பவள். பிள்ளை பிறந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. பால் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் எந்தப் பக்கம், எத்தனை நிமிஷம் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். நான் அதைக் கிண்டல் செய்யாத நாளில்லை.

பிள்ளைக்கு ஏழு வாரம் ஆன அன்று மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சமையல் மேடையில் ஐந்து பால் புட்டிகள் வரிசையாக நின்றன.

"என்னடா, கடை போடப் போறியா?"

"எது அவனுக்குப் பிடிக்கும்னு தெரியலை, எல்லாத்துலயும் ஒண்ணு வாங்கிட்டேன்," என்றான் தம்பி. சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தான். "நாளையிலேர்ந்து புட்டிப்பால்தான். அவ முடிவு பண்ணிட்டா. நீ போய் எதுவும் கேக்காத."

கேட்காதே என்றால் நான் கேட்காமல் இருப்பேனா?

உள்ளே அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் நோட்டு விரிந்து கிடந்தது. போன வாரம் பதினெட்டு நிமிஷம், பதினாறு நிமிஷம். இந்த வாரம் ஆறு, நாலு, இரண்டு. கடைசி வரியில் எண்ணே இல்லை. 'முகத்தைத் திருப்பிக்கொண்டான்' என்று எழுதியிருந்தாள். அன்று நான் கிண்டல் செய்யவில்லை.

"அவனுக்கு என்னைப் பிடிக்கலைக்கா," என்றாள். அழவில்லை. எல்லைக்கல் எங்கே என்று சொல்கிற குரலில் சொன்னாள். "அவர் தூக்கினா சும்மா இருக்கான். என்கிட்ட வந்தாதான் கத்தறான்."

"ஏழு வாரத்துப் பயலுக்குப் பிடிக்கிறதும் பிடிக்காததும் என்ன தெரியும்? கொண்டா இங்க."

என் கையில் வந்தும் கத்தினான். அப்போதுதான் வாய்க்குள் பார்த்தேன். நாக்கு வெள்ளையாக இருந்தது. பால் குடிக்கிற பிள்ளைக்கு அது சகஜம். ஆனால் கன்னத்தின் உட்புறத்திலும் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. விரலில் ஈரத்துணி சுற்றி லேசாகத் துடைத்தேன். பாலாக இருந்தால் வந்திருக்கும். இது வரவில்லை.

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடியும் இப்படி இருந்துச்சு. சொட்டு மருந்து கொடுத்தாங்க, போயிடுச்சு. இப்ப வெறும் பால்தான்னு நெனச்சோம்," என்றாள்.

"உனக்கு வலிக்குதா?"

நோட்டை மூடி வைத்தாள். வலியை மறைக்கிற பசுவையே நிற்கிற நிற்பில் கண்டுபிடித்துவிடுவேன், இவள் எம்மாத்திரம்? நான் நகராமல் நின்றேன்.

"ஊசி குத்தற மாதிரி இருக்குக்கா. அவன் குடிச்சு முடிச்ச பிறகும் எரியுது. பிரசவத் தையலுக்கு ஒரு தடவை ஆன்டிபயாட்டிக் கொடுத்தாங்க. இப்ப காம்புல வெடிப்புன்னு இன்னொரு தடவை. சாப்பிடச் சாப்பிட ஜாஸ்திதான் ஆகுது. எனக்குத்தான் பொறுத்துக்கத் தெரியலை போல."

இந்தக் கதையின் மீதி எனக்குத் தெரியும்.

கேண்டிடா என்று ஓர் ஈஸ்ட் உண்டு. மனிதர், மாடு என்று பேதம் பார்க்காது. சாதாரண நாளில் நம் உடம்பிலேயே ஓர் ஓரமாக, இருக்கிற இடம் தெரியாமல் குடியிருக்கும். ஆன்டிபயாட்டிக் போய் அக்கம்பக்கத்துக் கிருமிகளையெல்லாம் விரட்டிவிட்டால், வீடு முழுக்கத் தனக்கே என்று பரவிவிடும்.

"அவன் வாய் எரியுதுடி. உன்கிட்ட வந்து வாயைத் திறந்து சப்பினா இன்னும் எரியும், அதான் கத்தறான். அவனுக்கு மட்டும் மருந்து போட்டாங்க, திரும்ப உன்கிட்டேர்ந்து வாங்கிக்கிட்டான். ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல போடணும். கிளம்பு, இப்பவே டாக்டரைப் பாத்துடலாம்."

"மாத்திரை இன்னும் ரெண்டு நாளைக்கு இருக்கே. உங்களுக்கு எப்படி இவ்வளவு நிச்சயமா தெரியும்?"

ஆதாரம் கேட்கிறாள். அளவைக்காரியாயிற்றே. ஆதாரம் என்னிடம் இருந்தது. ஒன்பது வருஷமாக யாரிடமும் மூச்சு விடாத ஆதாரம்.

"ஒரு பசு," என்றேன். "மடி வீங்கி இருந்துச்சு. ஆன்டிபயாட்டிக் போட்டேன், குறையலை. அதைவிடப் பெருசா போட்டேன். மூணாவது தடவையும் போட்டேன். கன்னுக்குட்டி கிட்ட வந்தாலே உதைக்கும். கெட்ட பசு, பெத்ததைச் சேத்துக்க மாட்டேங்குதுன்னு எல்லாரும் பேசினாங்க. நானும் அதையேதான் சொன்னேன். கடைசியில பாலை லேபுக்கு அனுப்பினேன். ஈஸ்ட். என் மருந்துதான் அதை ஊட்டி வளர்த்திருக்கு. ஒரு காம்பு அதோட போச்சு. அந்த ரிப்போர்ட்டை மடிச்சுப் பைக்குள்ள வச்சுக்கிட்டு, 'சில மாடு அப்படித்தான்'னு மாட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகம் சுட்டது.

"என்னைப் பசுவோட ஒப்பிடறீங்களாக்கா?"

"ஆமா. அது நல்ல பசு."

சிரித்துவிட்டாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து கொட்டியது. ஏழு வாரமாக அடக்கியதெல்லாம் சேர்ந்து வந்தது. நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன்.

"புட்டியில கொடு, தப்பே இல்லை," என்றேன். "ஆனா அவனுக்கு உன்னைப் பிடிக்கலைன்னு நெனச்சுக்கிட்டுக் கொடுக்காத."

டாக்டரம்மா இருவரையும் பார்த்துவிட்டு, மாத்திரையை நிறுத்தச் சொன்னார். பிள்ளைக்கு வாய்க்கு, தாய்க்குப் பூச, என்று சேர்த்து மருந்து எழுதினார். "ரெண்டு பேருக்கும் சேர்த்துப் போடணும்னு யார் சொன்னது?" என்று கேட்டார். என் தம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்க அக்கா, டாக்டர்!" என்றான். எந்த ஆஸ்பத்திரி என்று அவர் கேட்டதும் மூவரும் கூரையைப் பார்த்தோம்.

அந்த மாட்டுக்காரரிடம் நான் இன்னும் போகவில்லை. போக வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம். பிள்ளை என் மடியில் கிடந்தான். மாடு, கோழி, வாத்து என்று என்னிடம் உள்ள குரலெல்லாம் எடுத்து வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தேன். அவனும் வாயைப் பிளந்து ரசித்தான். உள்ளே ரோஜா நிறம், ஒரு திட்டு இல்லை. அந்த நேரம் பார்த்து சமையலறையிலிருந்து அவள் குரல் கேட்டது, தம்பியிடம் ஏதோ கரண்டி எங்கே என்று.

பயல் சட்டென்று அந்தப் பக்கம் தலையைத் திருப்பினான். உதடு பிதுங்கியது. என் வாத்தெல்லாம் வீணாகப் போயிற்று. ஓவென்று அழ ஆரம்பித்தான்.

அவள் ஈரக் கையோடு வாசற்படிக்கு ஓடி வந்தாள். வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"எதுக்குக்கா அழறான்?"

"உன் குரல் கேட்டுச்சாம். நீதான் வேணுமாம்."

"நானா?"

"பின்ன நானா? எடுடி அவனை."