உயிருடன் இருப்போர் பத்தொன்பது

எனக்குச் சந்தேக புத்தி. தராசு முள் நடுவில் நின்றாலும் குனிந்து தட்டின் அடியில் பார்க்கிற ஆள். அது தெரிந்துதான் அண்ணன் என்னிடம் கேட்டான்.

"உங்க டாக்டர் எழுதியிருக்கிறது நிஜமா? திங்கக்கிழமை அந்த சிகிச்சைக்குச் சம்மதம்னு கையெழுத்துப் போடணும். பாத்துச் சொல்லு."

நான் வேலை பார்க்கும் டாக்டர் ரத்தப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய் பற்றி நாற்பது கட்டுரைகள் வெளியிட்டவர். அண்ணனுக்கு வந்திருப்பது நிணநீர்ப் புற்றுநோய். டாக்டரின் புது சிகிச்சை ஆளை மூன்று மாதம் படுக்கையில் போட்டு உருக்கிவிடும். ஆனால் இருபத்து நான்கு பேருக்குக் கொடுத்ததில் ஐந்து வருடம் கழித்தும் பத்தொன்பது பேர் உயிருடன் இருப்பதாகக் கடைசிக் கட்டுரை சொன்னது. வழக்கமான சிகிச்சையில் பாதிப் பேர்கூடத் தேறுவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த வீடுகளுக்கு போன் செய்து விசாரித்துப் பதிவேட்டில் குறிப்பது என் வேலை.

கட்டுரையையும் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். இரண்டிலும் பத்தொன்பது. இடிக்காமல் இருந்ததுதான் எனக்கு இடித்தது. பரிசோதனைக்கூடத்துக்குப் போய் ஒவ்வொருவரின் ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் புரட்டினேன். பதிவேட்டில் ஏழாம் எண்காரருக்கு நான்கு வருடமாக ஒரு சீட்டுகூட இல்லை.

டாக்டர் மாட்டினார் என்று நினைத்தேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். பதிவேட்டைத் திரும்ப எடுத்தால், 'நலம்' என்று எட்டு தடவை எழுதியிருப்பது என் கையெழுத்து. ஒவ்வொரு தடவையும் அவர் மனைவிதான் பேசியிருந்தார். தூங்குகிறார், நடக்கப் போயிருக்கிறார், முடிவெட்டப் போயிருக்கிறார். ஏழாம் எண்காரரின் குரலை அந்த எட்டில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

மறுநாள் அந்த வீட்டுக்கே போனேன். இரண்டாம் மாடி. வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்பு.

"இப்பத்தான் வெளிய போனாரு" என்றார் அந்த அம்மாள்.

"வரட்டும். காத்திருக்கேன்."

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் துடைத்த மேஜையையே துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு துணியைக் கீழே வைத்தார்.

"அவர் போய் நாலு வருஷமாச்சும்மா. மொதல் தடவை நீங்க கேட்டப்ப சொல்ல வாய் வரல. அப்புறம்... அவர் எப்படி இருக்காருன்னு கேக்குறது நீங்க ஒருத்தர்தான். இல்லைன்னு சொல்லிட்டா மறுபடி கூப்பிட மாட்டீங்களே."

பிடிபிடியென்று பிடிக்கத்தான் போயிருந்தேன். அவர்மேல் வந்த கோபமெல்லாம் என்மேல் திரும்பியது.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"பத்திரிகைக்குத் திருத்தம் எழுதணும். மத்த பதினெட்டு பேர்?"

"பாதிப் பேர் குரலைத்தான் சார் கேட்டிருக்கேன்."

"மீதியையும் கேளுங்க. யார் என்ன சொன்னாலும் அவங்க கையிலயே போனைக் குடுக்கச் சொல்லுங்க."

கேட்காத குரல் எது, கேட்ட குரல் எது என்பதில் என்னையே நான் நம்பவில்லை. பதினெட்டு பேரையும் கூப்பிட்டேன். இரண்டு நாள் ஆயிற்று. ஒருவர் "வேற வேலை இல்லையா உனக்கு?" என்று சீறினார், எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது. கடைசி ஆள் போனை வாங்கி இருமியபோது அழுதுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"பத்தொன்பது இல்லண்ணா, பதினெட்டு. என் காதால கேட்டேன்" என்று சொல்லி, அந்த மாடி வீட்டுக் கதையையும் சொன்னேன். அண்ணியின் கை நின்றுவிட்டது.

அண்ணன் ஜன்னலை விட்டுத் திரும்பினான்.

"சரி, பதினெட்டு போதும். போட்டுடறேன் கையெழுத்தை. ஆனா ஒண்ணு. ஆறு மாசம் கழிச்சு நீ கூப்பிடும்போது அண்ணிகிட்ட விசாரிக்காதே. என் கையிலயே போனைக் குடுக்கச் சொல்லு."

"ஏன், நான் பொய் சொல்லுவேனா?" என்றார் அண்ணி.

நான் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். சொல்வார் என்றுதான் எனக்குத் தோன்றியது.