பன்னிரண்டாவது கொப்பி

நிருஷா கொப்பியைத் தொடவில்லை. சமையலறை மேசையில் அம்மா நாகலட்சுமி விரித்த தலையணை உறையின்மேல் அது கிடந்தது. கறுப்பு மட்டை, முதுகில் துணி ஒட்டிய பழைய கட்டு. அம்மா ஒற்றை விரலால் முதல் பக்கத்தைத் திருப்பினாள். மேலே சந்தனமும் குங்குமமும் காய்ந்து மண்ணிறமாகப் படிந்திருந்தன. அதற்குக் கீழே, எழுத்து இருக்கவேண்டிய இடமெல்லாம், ஊதா மை கரைந்து பரவியிருந்தது.

"அம்மா, இது ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினோராம் ஆண்டுக் கொப்பி."

"ஓம்."

"நீங்கள் இதுக்குப் பொட்டு வைச்சிருக்கிறீங்கள்."

"ஓம்."

"தீர்த்தமும் தெளிச்சிருக்கிறீங்கள்!"

"எல்லாப் புத்தகத்துக்கும்தானே பிள்ளை தெளிக்கிறது."

நிருஷாவுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அது பாதியில் நின்றுவிட்டது.

நிருஷாவின் அப்பா கணேசலிங்கம் காலமாகி ஏழு மாதமாகிறது. ஹனோவரில் செங்கல்லால் கட்டிய ஒரு பழைய உயர்நிலைப் பள்ளியில் இருபத்தொரு வருடம் ஹவுஸ்மைஸ்டராக இருந்தவர். கதவு, குழாய், ஹீட்டர், உடைந்த கதிரை எல்லாம் அவர் பொறுப்பு. ஆறு வருடத்துக்கு முன், ஒரு செப்டெம்பரில், மழை வெள்ளம் பள்ளியின் நிலவறைக்குள் புகுந்தது. தண்ணீரை இறைத்து முடித்தபோது, கொதிகலனுக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி அகப்பட்டது. உள்ளே பன்னிரண்டு கொப்பிகள். நூறு வருடத்துக்கு முன் அங்கே படித்த பதினான்கு, பதினைந்து வயதுப் பொடியன்கள், வாரத்துக்கு ஒருவராக முறை வைத்து, தங்கள் வகுப்பில் நடந்ததை எழுதிவைத்த நாட்குறிப்பு. ஈரமானவற்றைக் கணேசலிங்கம் கொதிகலன் அறையில் கொடி கட்டிக் காயப்போட்டார். ஒவ்வொரு தாளுக்கும் இடையில் உறிஞ்சுதாள் வைத்தார். ஒரு கொப்பியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அது ஈரமாகாதது. அவருக்கு வாசிக்க வேண்டும்.

"ஊரில எங்கட பள்ளிக்கூடம் எரிஞ்சதில ஒரு கடதாசியும் மிஞ்சேல்லை" என்று அவர் அன்று சொன்னது நாகலட்சுமிக்கு ஞாபகம். "நான் படிச்சனான் எண்டதுக்கு நான்தான் சாட்சி. இவங்களுக்கெண்டாலும் மிஞ்சட்டும்."

பழைய ஜெர்மன் கையெழுத்தை இன்றைய ஜெர்மன்காரருக்கே வாசிக்க ஏலாது. அவர் இணையத்தில் ஓர் எழுத்து அட்டவணை எடுத்து, அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டினார். வேலையால் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே வாசிப்பார். ஒரு வரிக்குக் கால் மணித்தியாலம் எடுக்கும். வாசித்ததைத் தமிழில் சொல்லுவார். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டு கேட்பாள். சக்கரவர்த்தியின் பிறந்தநாளுக்குப் பாடமில்லை, பாட்டுப் பாடிவிட்டு வீட்டுக்குப் போகலாம். தைஸ்டர் மலைக்கு இருபது கிலோமீற்றர் நடை. ஒருவனின் சப்பாத்து அடி கழன்று, மற்றவர்கள் அவனை முறை வைத்துத் தூக்கி வந்தார்கள். வெள்ளம் நின்று உறைந்த ஆற்றோரப் புல்வெளியில் ஆசிரியரும் சேர்ந்து சறுக்கி விழுந்தார். ஓட்டோ, வில்ஹெல்ம், குஸ்டாவ் என்று அந்தப் பொடியன்கள் அவளுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டார்கள். "இண்டைக்குக் குஸ்டாவ் என்ன செய்தவன்?" என்று கேட்டுக்கொண்டுதான் அடுப்பை மூட்டுவாள்.

அந்த வருடம் சரஸ்வதி பூசை வந்தது. நிருஷாவின் பல்கலைக்கழகப் புத்தகங்களோடு இந்தக் கொப்பியையும் கும்பத்தடியில் வைத்தது நாகலட்சுமிதான். வீட்டில் மதிப்பான புத்தகம் அதுதான் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. மட்டை கறுப்பு, பொட்டு எடுபடாது என்று முதல் பக்கத்தைத் திறந்து வைத்தாள். தீபம் காட்டி, மாவிலையால் தீர்த்தம் தெளித்தாள். வேலையால் வந்த கணேசலிங்கம் அதைப் பார்த்தார். கழற்றாத சப்பாத்தோடு கதிரையில் இருந்தார்.

"ஏனப்பா, ஏதும் பிழையே?"

"இல்லை. வடிவா வைச்சிருக்கிறீர்."

மை கரைந்திருப்பதை அவள் பிறகுதான் கண்டாள். கண்டு அழுதாள். "நீர் யோசியாதையும், நான் பிரௌ டீட்ஸோட கதைக்கிறன்" என்றார் அவர், பள்ளியின் சரித்திர ஆசிரியையைச் சொல்லி. ஒரு வாரம் கழித்து, "குடுத்திட்டன். அவ ஒண்டும் சொல்லேல்லை" என்றார். அந்த நிம்மதியில் நாகலட்சுமி ஐம்பது பற்றிஸ் பொரித்து, ஒரு பெட்டியில் அடுக்கி, அந்த ஆசிரியைக்கென்று கொடுத்துவிட்டாள்.

அவர் கொடுக்கவில்லை. போன மாதம் அவருடைய திருத்தவேலை ஆயுதப் பெட்டியைத் துப்புரவாக்கும்போது, அடித்தட்டில், இந்தத் தலையணை உறைக்குள் அது இருந்தது. ஆறு வருடம். பயந்தா வைத்திருந்தார், வெட்கத்திலா என்று அவளுக்குத் தெரியாது. அவளைக் காட்டிக்கொடுக்காமல் வைத்திருந்தார் என்பது மட்டும் தெரிந்தது.

நேற்றுப் பிரௌ டீட்ஸ் தொலைபேசியில் பேசினா. பள்ளியின் நூற்றிருபத்தைந்தாவது ஆண்டுக்காகப் பத்தாம் வகுப்பு மாணவர்கள் அந்தக் கொப்பிகளை வாசித்து ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். பெட்டியை இப்போதுதான் திறந்தோம், உள்ளே உங்கள் கணவரின் பட்டியல் இருக்கிறது, பன்னிரண்டாவதற்கு நேரே 'இன்னும் என்னிடம் உள்ளது' என்று எழுதிக் கையொப்பம் வைத்திருக்கிறார் என்றா. கண்காட்சி வாசலில், கொப்பிகளைக் காப்பாற்றியவர் என்று அவர் பெயரைப் போடப்போகிறோம், அதைத் தேடிப் பார்க்க முடியுமா?

"காணேல்லை எண்டு சொல்லுங்கோ அம்மா" என்றாள் நிருஷா. "வீடு மாறேக்க துலைஞ்சிட்டுது எண்டு சொல்லுங்கோ. இந்த நிலையில குடுத்தால் அப்பாவின்ர பேரை எப்பிடிப் போடுவினம்? காப்பாத்தினவர் எண்டா, பழுதாக்கினவர் எண்டா?"

"துலைஞ்சது எண்டு சொன்னாலும் அவரின்ர பேர்தானே பிள்ளை கெடும். அவரிட்ட இருந்ததெண்டு அவரே எழுதி வைச்சிருக்கிறார்."

"நானும் வரட்டே?" என்று கேட்டாள் மகள். வேண்டாம் என்றாள் நாகலட்சுமி.

பள்ளிக்கு ட்ராமில் போகும்போது ஒரே வசனத்தை ஜெர்மனில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் மாடி வகுப்பறையில் இருபத்துநான்கு பிள்ளைகள் நான்கு நான்கு பேராக இருந்தார்கள். மேசைகளில் பழைய பக்கங்களின் பிரதிகள். சுவரில், அவள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த அதே மாதிரியான எழுத்து அட்டவணை. பிரௌ டீட்ஸ் எழும்பி வந்து இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்தா. பிறகு தலையணை உறையைப் பிரித்தா. முதல் பக்கத்தைப் பார்த்தா. ஆசிரியையின் கழுத்து மெல்லச் சிவந்தது. வகுப்பில் ஒரு கதிரை கிறீச்சிட்டது.

"என் கணவர் இல்லை" என்றாள் நாகலட்சுமி. "நான். இது நான் செய்தது. எழுதுவதென்றால் என் பெயரை எழுதுங்கள்."

பிரௌ டீட்ஸ் மெதுவாகத்தான் கேட்டா. "என்ன செய்தீர்கள்?"

படித்து வந்த வசனம் அதோடு முடிந்துவிட்டது. பின்மேசையிலிருந்து ஒரு பெண்பிள்ளை எழும்பினாள். கறுப்புச் சட்டகக் கண்ணாடி போட்ட, உயரமான பிள்ளை.

"அன்ரி, நான் தர்மிகா. சரஸ்வதி பூசைதானே? நான் சொல்லவா?"

"சொல்லும் பிள்ளை."

தர்மிகா ஜெர்மனில் சொன்னாள். வருடத்தில் ஒரு நாள் புத்தகங்களைச் சாமிக்கு முன்னால் வைப்போம், பொட்டு வைப்போம், தண்ணீர் தெளிப்போம், அன்று வாசிக்கக்கூடாது.

"வாசிக்கக்கூடாதா?" என்றான் ஒரு பையன். "கணிதப் புத்தகத்தையும் வைப்பீர்களா?"

"அதைத்தான் நான் முதலில் வைப்பேன்."

வகுப்பு சிரித்தது. பிரௌ டீட்ஸும் சிரித்துவிட்டா. சிரித்த பின் கதிரையில் இருந்தா. "ஒரு நாள் அவர் ஒரு பெட்டி நிறையப் பலகாரம் கொண்டுவந்தார்" என்றா. "ஏன் என்று கேட்டேன். என் மனைவி இன்று சந்தோஷமாக இருக்கிறாள் என்றார். நானும் நல்ல விஷயம் என்று சாப்பிட்டுவிட்டேன்."

நாகலட்சுமிக்குக் கண் நிறைந்தது. இங்கே அவர் பொய் சொல்லவில்லை. அதை மட்டும்தான் அவருக்குச் சொல்லத் தெரிந்திருந்தது. இப்படி ஒரு மனிசனோடு முப்பத்துநாலு வருடம் இருந்திருக்கிறேன் என்று நினைத்தாள். வகுப்பின் நடுவில் நின்ற அவளுக்கு, ஏழு மாதத்தில் முதல் தடவையாக, நெஞ்சு பாரமில்லாமல் இருந்தது.

பிரௌ டீட்ஸ் பக்கத்தை யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தா. மற்றப் பக்கங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இது மட்டும் போய்விட்டது என்றா. பழுது என்று பதிவில் எழுதத்தான் வேண்டும், நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன், வாசலில் அவர் பெயர் இருக்கும், அதில் மாற்றமில்லை என்றா. "இந்த வாரத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று இனி யாருக்கும் தெரியவராது. அதுதான் வருத்தம்."

"எனக்குத் தெரியும்" என்றாள் நாகலட்சுமி.

எல்லாரும் பார்த்தார்கள்.

"அவர் வாசித்தார். பூசைக்கு முதல். எனக்குச் சொன்னார்."

தர்மிகா ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். நாகலட்சுமி அதன் நுனியில் இருந்தாள். ஜெர்மன் சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. வராத இடத்தில் தமிழில் சொன்னாள், தர்மிகா மாற்றிக் கொடுத்தாள். ஒக்டோபர் மாதம். எழுதியவன் குஸ்டாவ். லத்தீன் பாடம். வில்ஹெல்ம் தன் தொப்பிக்குள் ஒரு முள்ளெலியைக் கொண்டுவந்தான். ஆசிரியர் பிரம்போடு வந்தார். தொப்பி மேசையில் தானாக நடந்தது.

யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள்.

"அடிக்கவில்லை" என்றாள். "ஆசிரியர் அதைத் தூக்கிப் பார்த்தார். மெலிந்திருக்கிறது, குளிர்காலம் தாங்காது என்றார். பிறகு லத்தீன் படிப்பிக்கவில்லை. எல்லாரையும் வெளியே கூட்டிப்போய் சருகு பொறுக்கச் சொன்னார். வரைபட அலுமாரிக்குக் கீழே ஒரு பெட்டி. அதைப் பார்க்க ஒவ்வொரு வாரமும் ஒருவர். கடைசி வரியில் குஸ்டாவ் எழுதியிருந்தான், இந்த வாரத்திலிருந்து எங்கள் வகுப்பில் முப்பத்தொரு பேர்."

பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். பிரௌ டீட்ஸும் எழுதினா.

"பிறகு? அது பிழைத்ததா?" என்று கணிதப் புத்தகப் பையன் கேட்டான்.

நாகலட்சுமி வாய் திறந்தபோது இடைவேளை மணி அடித்தது. பக்கத்து வகுப்புகளின் கதவுகள் அடித்துத் திறந்தன. நடைபாதை முழுக்கக் காலடிச் சத்தமும் கூச்சலும் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தன. கதவோரம் இருந்த பிள்ளை எழும்பினாள். போகப்போகிறாள் என்று நாகலட்சுமி நினைத்தாள். அவள் பாதி திறந்திருந்த கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, வந்து மறுபடி தன் இடத்தில் இருந்தாள்.