பரஞ்சோதியின் கடைசி மாற்றம்

எங்கள் ஊரில் மூன்று வருடமாக மாறாமல் இருக்கும் எதையும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு அழித்துவிடுவார்கள். அதற்கான கணினி நிரலை பைத்தான் மொழியில் எழுதியவள் நான்தான். மொத்தம் பதினோரு வரி. ஊரில் உள்ள ஒவ்வொன்றும் கடைசியாக எப்போது மாறியது என்று பார்க்கும்; மூன்று வருடத்தைத் தாண்டியிருந்தால் பட்டியலில் போடும். போன வாரம் பஸ் ஸ்டாண்டு நிழற்குடையும், ஒரு கணக்கு வாத்தியாரின் கோபமும் போயின. இடம் காலியானதில் எல்லோருக்கும் சந்தோஷம்தான்.

இந்த வெள்ளிக்கிழமை மதியம் நகராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து பட்டியலை எடுத்தேன். ஏழாவது வரியில் என் வீட்டுக்காரர்! பரஞ்சோதி, தையல் மெஷின் உதிரிபாகக் கடை. கடைசி மாற்றம்: மூன்று வருடத்துக்கு முன்னால் மீசையை எடுத்த நாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மடிக்கணினியைத் தூக்கி ஸ்கூட்டியில் போட்டுக்கொண்டு கடைக்குப் பறந்தேன்.

“என்னங்க, நாலு மணிக்கு உங்களை அழிக்கப் போறாங்க. சட்டுனு ஏதாவது மாறுங்க!”

“எதுக்கு கோமளா? நான் நல்லாத்தானே இருக்கேன்” என்றார், நூல் சுற்றும் பாபின் ஒன்றைத் துடைத்தபடி.

“வகிடையாவது வலது பக்கம் எடுங்களேன்.”

“எனக்கு அது சரிப்படாது.”

“சரி, என்மேல கோபமாவது படுங்க!”

சிரித்தார். அதே பழைய சிரிப்பு. அழுத்தக்காரர்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் அவரைக் கட்டிக்கொண்டதே.

ஒரு மணி நேரம் எதிரில் உட்கார்ந்து அவரையே பார்த்தேன். பிரயோஜனம் இல்லை. கடைசியாகப் பார்த்த நேரம் வேறு, கடைசியாக மாறிய நேரம் வேறு. இது எனக்குத் தெரிந்ததுதான், இருந்தும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு பெயரை மாற்றினேன். “இனிமே நீங்க மதிவாணன்” என்றேன். சரி என்று தலையாட்டினார். மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தால், ஆளின் நேரம் அசையவே இல்லை. பெயரை மாற்றினால், அந்தப் பெயர் இருக்கும் இடத்தின் நேரம்தான் மாறும். கடைக்கு இன்றைய தேதி விழுந்து, சுவரெல்லாம் புதுப் பெயிண்ட் வாசனை அடித்தது. பெயரைத் திரும்பப் பழையபடி வைத்தேன்.

மூன்றரைக்கு அலுவலகத்துக்கு ஓடினேன். கண்காணிப்பாளர் ஜெபக்கனி மேடம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“ஒரு நகல் எடுத்து வெச்சுக்கோம்மா. நகலுக்கு இன்னைக்குத் தேதி விழும். இன்னும் மூணு வருஷம் கவலையில்ல.”

“நகலை வெச்சு நான் என்ன மேடம் பண்ண? எனக்கு அந்த ஆள்தான் வேணும்!”

கத்தியேவிட்டேன். கடைசியாக மாறிய நேரத்தை நாமே கையால் எழுதிவைக்க பைத்தானில் ஒரு வரி உண்டு. சொந்தக்காரர்களுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. விதியாவது ஒன்றாவது! மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மனுஷி.

மூன்று ஐம்பத்தெட்டு. கணினி நேரத்தை 1970-லிருந்து எண்ணிவரும் ஒரே எண்ணாகத்தான் வைத்திருக்கும்; இந்த நேரத்துக்குரிய எண் வேண்டும். பக்கத்து மேஜைத் திரையில் ஜாவாஸ்கிரிப்ட் என்ற இன்னொரு நிரல்மொழியில் எழுதிய பக்கம் அதைக் காட்டிக்கொண்டிருந்தது. பார்த்து அப்படியே அடித்தேன். எண்டர் தட்டினேன்.

நான்கு மணிக்கு நிரல் ஓடியது. பட்டியலில் அவர் இல்லை! குதித்தேன். மேடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஐயோ, அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கல்யாணத்தன்றுகூட அனுபவித்ததில்லை.

அப்புறம்தான் அவர் பெயருக்கு நேரே இருந்த தேதியைப் பார்த்தேன். கி.பி. ஐம்பத்தெட்டாயிரத்துச் சொச்சம். பைத்தான் நொடியில் கணக்கு கேட்கும். ஜாவாஸ்கிரிப்ட் மில்லி நொடியில் காட்டும். ஆயிரம் மடங்கு கூட்டிக் கொடுத்துவிட்டேன்.

மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

“அப்போ அவர் அங்க போய் மாறிட்டுத்தான் வீட்டுக்கு வரணும். இன்னைக்குக் கொஞ்சம் லேட்டாகும்மா.”

ஆறரைக்கு வீட்டு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர்தான். படியிலேயே நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

“கோமளா, உன்னைப் பார்த்து ஐம்பத்தாறாயிரம் வருஷம் ஆச்சு” என்றார்.

“மூணரை மணிக்குத்தானே பார்த்தீங்க” என்றேன். எனக்கும் அழுகை முட்டியது. “பசிக்குதா?”

“ரொம்ப நாளா.”

இறக்கைகளை மடித்துக்கொண்டு, நிலையில் இடிக்காமல் பக்கவாட்டில் திரும்பி உள்ளே வந்தார். நான் தட்டை எடுத்து வைத்தேன்.